இதயத்துக்கு ஒரு கைப்பிடி

என் மனைவியின் இதயத்துக்குப் போகும் ரத்தக் குழாயில் ஒரு சின்னக் கம்பி வலை இருக்கிறது. குழாய் அடைத்துக்கொண்டதால் மணிக்கட்டு வழியாக உள்ளே விட்டு விரித்து வைத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் இரண்டு விஷயம் சொன்னார். முதலாவது, கொடுத்திருக்கும் மாத்திரைகளை ஒரு நாள்கூட விடக்கூடாது. விட்டால் வலைக்குள் ரத்தம் உறைந்து மறுபடி அடைத்துக்கொள்ளும், அப்போது ஆஸ்பத்திரிக்கு வந்து சேர நேரம் இருக்காது. இரண்டாவது, உப்புப் போடாத பாதாம், வால்நட் மாதிரி ஏதாவது தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடலாம், இதயத்துக்கு நல்லது. முதலாவதை உட்கார்ந்து, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்து, திரும்பத் திரும்பச் சொன்னார். இரண்டாவதை எழுந்து போகும்போது, கதவில் கை வைத்தபடி சொன்னார். கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குக் காரில் திரும்பிய வழியெல்லாம் என் மனைவி பேசியது இரண்டாவதைப் பற்றித்தான்.

அவள் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வு கிடைத்தது என்னவோ பள்ளிக்கூடத்துக்குத்தான். வீட்டில் பாடம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது, மாணவன் என்று மிச்சமிருந்தது நான் ஒருவன். கம்பி வலை வைத்த பிறகு பாடத்திட்டம் முழுவதும் நட்ஸ் ஆகிவிட்டது. பாதாமில் என்ன வைட்டமின், வால்நட்டில் என்ன கொழுப்பு, அந்தக் கொழுப்பு ஏன் நல்ல கொழுப்பு, என் இடுப்பில் இருப்பது ஏன் கெட்ட கொழுப்பு என்று காலைப் பசியாறும் நேரத்தில் வகுப்பு எடுப்பாள். ஆன்டிஆக்சிடன்ட் என்ற சொல் வரும்போது மட்டும் அவள் குரல் தாழ்ந்துவிடும். சாமி பெயரைச் சொல்லும்போதுகூட அவள் அவ்வளவு பணிவு காட்டி நான் பார்த்ததில்லை.

"ஒடம்புக்குள்ள துரு பிடிக்கிற மாதிரிங்க," என்று விளக்குவாள். "ஆன்டிஆக்சிடன்ட் அத தடுக்குது."

"கார் கதவுக்கும் பூசலாமா?" என்று கேட்டேன்.

தட்டில் என் பங்குக்கு இரண்டு பாதாமை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

பாதாமை ஊறவைத்துத் தோலை உரித்துத் தின்ன வேண்டுமா, தோலோடு தின்ன வேண்டுமா என்பது சாதாரண விஷயம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கோயில் மகளிர் குழுவின் வாட்ஸ்அப்பில் அது ஒரு பெரிய வழக்கு. உரித்தால்தான் செரிக்கும் என்று ஒரு கட்சி, அந்த ஆன்டிஆக்சிடன்ட் இருப்பதே தோலில்தான், உரித்தால் மிச்சம் வெறும் சக்கை என்று இன்னொரு கட்சி. தோல் கட்சிக்குத் தலைவி எங்களுக்கு அடுத்த லோரோங்கின், அதாவது சந்தின், முனை வீட்டில் இருக்கும் அக்கா. மகளிர் குழுவுக்கும் அவர்தான் தலைவி. அவருடைய போனுக்கு வரும் எந்த வீடியோவும் அங்கே தங்குவதில்லை, வந்த வேகத்தில் ஊருக்கே போய்விடும். என் மனைவி தோல் கட்சியில் சேர்ந்தாள். கொஞ்ச காலம் எங்கள் வீட்டில் யாராவது பாதாம் தோலை உரித்தால் துரோகம் செய்த மாதிரி பார்க்கப்பட்டார்கள். யாராவது என்றால் நான்தான்.

நட்ஸ் வாங்க கோலாலம்பூரில் இருக்கும் பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டும். கிள்ளானில் கிடைக்காதா என்று கேட்காதீர்கள், நான் கேட்டுப் பார்த்துவிட்டேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் மளிகைக் கடைகள் வரிசையாக நிற்கின்றன, எல்லாவற்றிலும் பாதாம் மூட்டை மூட்டையாகத் திறந்து கிடக்கிறது. ஆனால் பக்திக்குக் கொஞ்சம் தூரம் வேண்டும் போலிருக்கிறது. வாசலில் இருக்கும் கோயிலை நம் ஆட்கள் எப்போது மதித்தார்கள்? ஆகவே கம்யூட்டர் ரயிலில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, வெயிலில் நடந்து, முனை வீட்டு அக்கா சொன்ன அந்தக் குறிப்பிட்ட கடையில் போய் நிற்போம்.

"அக்கா, இது கலிபோர்னியா பாதாம். ஹார்ட்டுக்கு டாப்பு," என்பார் கடைக்காரர்.

"உப்பு இல்லாததுதானே, அண்ணே?"

"உப்பே காட்டல அக்கா. சும்மா வறுத்தது."

"பாஸ்," என்று நான் குறுக்கே நுழைந்தேன், "நாக்குக்கு டாப்பா ஏதாச்சும் வச்சிருக்கீங்களா?"

"அங்கிள் ஜோக்கு பண்றாரு லா," என்று கடைக்காரர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. ஒரு வால்நட்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள், மாணவனின் வீட்டுப்பாடத்தைத் திருத்துவது போல.

நான் கார் ஓட்டக் கற்றுக் கொடுப்பவன். கூரையில் எல் போர்டு வைத்த சின்னக் கார்தான் என் பிழைப்பு. அந்தக் காரில் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பயந்துபோய் உட்கார்ந்திருப்பார், நாம் என்ன சொன்னாலும் கேட்டுத்தான் ஆக வேண்டும், எழுந்து போக முடியாது. மலாய்க்காரப் பெண், சீனப் பையன், நம் ஆட்கள் என்று வருகிறவர்கள் எல்லாருக்கும் முதலில் கிளட்ச், பிறகு கண்ணாடி, பிறகு என் மனைவியின் நட்ஸ் கதை. "எங்க வீட்ல ஒரு அணில் பென்ஷன் வாங்குது" என்று ஆரம்பிப்பேன். சிவப்பு விளக்கில் நிற்கும் நேரத்துக்கு அளவாக அந்தக் கதையை வைத்திருந்தேன். தேத்தண்ணிக் கடையிலும் அதற்கு நல்ல வரவேற்பு இருந்தது. அங்கே என்னைப் பார்த்ததும், "அணிலு எப்படி இருக்கு, அண்ணே?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒருநாள் என்னிடம் படிக்கும் பெண் ஒருத்தி கோயிலில் என் மனைவியைப் பார்த்து, "டீச்சர், சார் எப்பவும் ஒரு அணிலப் பத்தியே சொல்றாரே, வீட்ல வளக்கறீங்களா?" என்று அப்பாவியாகக் கேட்டிருக்கிறாள். வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவள் கோபப்படவில்லை. "ஊரு முழுக்க சொல்லியாச்சா?" என்று மட்டும் கேட்டாள். "நல்ல ஜோக்குமா, அத நீ ரசிக்கணும்" என்றேன்.

நானும் நட்ஸ் சாப்பிடுகிறவன்தான், அதைச் சொல்லியாக வேண்டும். பாசார் மாலாம் என்னும் இரவுச் சந்தை நடக்கும் தெருவில் கச்சாங் பூத்தே விற்கும் ஒரு தள்ளுவண்டி வரும். எண்ணெயில் பொரித்த கடலை, உப்பும் மிளகாயும் புரட்டிய முந்திரி, காரம் தடவிய பட்டாணி, எல்லாம் காகிதச் சுருளில். காரிலேயே உட்கார்ந்து தின்று முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். சட்டையில் ஒட்டிய உப்பை அவள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவாள். நட்ஸ் என்றால் நட்ஸ்தானே, இதற்கு ஏன் ஒரு மரியாதையும் இல்லை என்று கேட்டால், "ஒங்ககிட்ட பேச முடியாதுங்க" என்பாள்.

ஆனால் ஒரு விஷயத்தில் நான் விளையாடியதே இல்லை. மாத்திரை. வலை வைக்க அவளை உள்ளே தள்ளிக்கொண்டு போன அன்று வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. மகள் செராஸிலிருந்து ஓடி வந்து, "அப்பா, ஏதாச்சும் பேசுங்கப்பா, பயமா இருக்கு" என்றாள். மனைவி இல்லாவிட்டால் அந்த வீட்டில் நான் யாரிடம் கிண்டல் செய்வேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது நினைக்கக்கூடிய பெரிய விஷயமா என்று தெரியவில்லை, ஆனால் அதைத் தவிர வேறு எதுவும் மனதில் ஓடவில்லை.

அதனால் மாத்திரைப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். நாளுக்கு ஒரு சின்ன அறையாகப் பிரித்த பிளாஸ்டிக் டப்பாவை மகள் வாங்கிக் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, ரத்தத்தை இளக்கும் மாத்திரை, கொழுப்புக்கு ஒன்று, அழுத்தத்துக்கு ஒன்று, அப்புறம் பாதி ஊதா பாதி வெள்ளையாக ஒரு கேப்சூல் என்று ஒவ்வோர் அறையிலும் போட்டு மூடுவேன். ஆஸ்பத்திரி மருந்து கவுன்டரிலும் நான்தான் பேசுவேன். டோக்கன் எண்ணை அழைத்தால் எழுந்து போவதும், எப்போது போட வேண்டும் என்று கேட்பதும், அங்கிருக்கும் பெண்ணைச் சிரிக்கவைத்துவிட்டு வருவதும் நான்தான். அவள் பக்கத்தில் பையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். காலையில் நான் கிளம்பும்போது அன்றைய அறை காலியாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எனக்கு அன்றைய நாள் நல்லபடியாக ஆரம்பித்ததாக அர்த்தம்.

தைப்பூசம் நெருங்கியது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதே அவள் முருகனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள், நல்லபடியாக எழுந்து வந்தால் பால்குடம் எடுக்கிறேன் என்று. பத்துமலை படிக்கட்டை டாக்டர் கேட்டவுடனேயே மறுத்துவிட்டார். கிள்ளானிலேயே முருகன் இருக்கிறார், தரையிலேயே இருக்கிறார், வெயில் ஏறுவதற்குள் மெதுவாக நடந்து எடுத்து முடித்துவிடலாம் என்று பேசி ஒப்புக்கொள்ள வைத்தோம். பிறகு விரதம் ஆரம்பித்தது. சைவம், நேரத்துக்குக் குளியல், தனிப் பாத்திரம். எனக்கு மட்டும் வெளியிலிருந்து மீனும் கோழியும் தாப்பாவ் செய்து, பொட்டலமாகக் கொண்டுவந்து பின்கட்டில் வைத்துத் தின்னும் உரிமை கொடுக்கப்பட்டது. தின்றுவிட்டு வந்தால் வாசலிலேயே என்னை முகர்ந்து பார்ப்பாள்.

அந்த விரதத்துக்கு நட்ஸ் மாதிரி பொருத்தமான சாப்பாடு உலகத்தில் இல்லை. சைவம், சத்து, கூடவே அந்த ஆன்டிஆக்சிடன்ட். ஒரு கைப்பிடி போய் இரண்டு கைப்பிடி ஆனதை நான் கவனித்தேன். "டாக்டர் ஒரு கைப்பிடின்னுதானே சொன்னாரு?" என்றேன். "என் கை சின்னக் கைங்க" என்றாள். அதையும் மறுநாள் காரில் சொல்லிச் சிரிக்கவைத்தேன்.

விரதம் போய்க்கொண்டிருக்கையில் அவளுக்கு நெஞ்சுக்குள் கனம் வந்தது. மாடிப்படி ஏறி வந்து பாதியில் நின்று மார்பைத் தடவிக்கொள்வாள். என்ன என்று கேட்டால் காத்து என்பாள். நம் ஊரில் நெஞ்சுக்குள் வரும் எதுவாக இருந்தாலும் அது காத்துதான். தலைவலி காத்து, முதுகுவலி காத்து, பேரன் அழுதால் அவனுக்கும் காத்து. வால்நட்டைச் சரியாக ஊறவைக்காமல் தின்றதால் காத்து ஏறிவிட்டது என்று அவளே தீர்ப்புச் சொன்னாள். நான் காத்துக்குத் தேய்க்கும் மின்யாக் ஆங்கின் எண்ணெய்ப் பாட்டிலைத் திறந்து அவள் முதுகில் தேய்த்துவிட்டேன். "ஆன்டிஆக்சிடன்ட் உள்ள எடம் பத்தாம வெளிய வரப் பாக்குது" என்றேன். அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். அவள் எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள்.

ஒரு சனிக்கிழமை காலை, வகுப்பு எதுவும் இல்லை. வாசல் கேட் ஓரம் பெரிய தொட்டியில் நிற்கும் கறிவேப்பிலைச் செடியின் இலைகள் மஞ்சளாகிக் கிடந்தன. மண்ணைக் கிளறி உரம் போடலாம் என்று பழைய கரண்டியை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். மேல் மண்ணைப் புரட்டியதும் இளஞ்சிவப்பாக ஏதோ தெரிந்தது. யாரோ எனக்கு முன்னால் உரம் போட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். இன்னும் கிளறினேன். வெள்ளை, மஞ்சள், பாதி கரைந்து மாவாகிப் போனவை, ஈரத்தில் ஊதித் தோல் சுருங்கிக் கிடந்த ஊதா வெள்ளைக் கேப்சூல்கள். தொட்டி முழுக்க அவை இருந்தன. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என் கையால் எடுத்து வைத்த மாத்திரைகள்.

கரண்டியோடு அடுப்படிக்குப் போனேன். அவள் பயத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கரண்டியை அவள் முன்னால் மேசைமேல் வைத்தேன். அதில் மண்ணும் இரண்டு மாத்திரையும் இருந்தன.

"என்ன இது?"

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். "விரதம் முடிஞ்சதும் மறுபடி போட்டுக்கலாம்னு இருந்தேங்க."

"எத போட்டுக்கலாம்னு? எல்லாத்தையுமா விட்டுட்டே?"

"கேப்சூல் கூடு இருக்கில்ல, அது மாட்டு எலும்பு, மாட்டுத் தோலு. அத காய்ச்சி எடுத்துத்தான் பண்றாங்களாம். அக்கா வீடியோ அனுப்புனாங்க. அதுல எல்லாம் காட்டுறாங்க. முருகனுக்கு விரதம் இருந்துக்கிட்டு எப்படிங்க நான் மாட்ட முழுங்குவேன்?"

"சரி, அது ஒண்ணு. மத்ததெல்லாம் மாத்திரைதானே? அது என்ன பாவம் பண்ணுச்சு?"

"எல்லாம் ஒரே டப்பாக்குள்ளதானே கெடக்கு? ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு."

ஞாயிற்றுக்கிழமைதோறும் மேசையில் உட்கார்ந்து கவுச்சியையும் சைவத்தையும் ஒரே அறையில் போட்டு மூடிக்கொண்டிருந்த ஆள் நான்தான். ஊதா வெள்ளைக் கேப்சூல் ஒன்று உள்ளே இருந்தால் போதும், பக்கத்தில் கிடக்கும் எல்லாவற்றுக்கும் தீட்டு ஒட்டிவிடும். பள்ளிக்கூடத்தில் அறிவியல் பாடமும் எடுத்தவள் அவள்.

"குப்பையில போட்டிருக்க வேண்டியதுதானே? செடிக்கு ஏன்?"

"குப்பைத் தொட்டியில நீங்க தின்னுட்டுப் போட்ட மீன் முள்ளெல்லாம் கெடக்கு. எப்படி இருந்தாலும் அது பசுவாச்சே. அதான் மண்ணுல..."

பசுவுக்கு அடக்கம் நடந்திருக்கிறது. எங்கள் வீட்டு வாசலில், கறிவேப்பிலை நிழலில், காலைதோறும், நான் கண்ணாடி முன் தலை சீவும் நேரத்தில். அறை காலியாக இருப்பதைப் பார்த்து நான் நிம்மதியாகக் கிளம்பிப் போயிருக்கிறேன்.

"ஒண்ணும் ஆகலயேங்க," என்றாள். குரலில் லேசாகத் தைரியம் வந்தது. "அதுக்குப் பதிலா நட்ஸ் கூடுதலா எடுத்துக்கிட்டேன். வால்நட்டும் ரத்தத்த இளக்கும்னு அக்கா சொன்னாங்க. அதுவும் இயற்கையா."

வால்நட் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அது தன்னால் ஆனதைச் செய்திருக்கும். நல்ல கொழுப்பைக் கொடுத்திருக்கும், துருவைத் துரத்தியிருக்கும், தோல் கட்சிக்கும் தோலில்லாக் கட்சிக்கும் பேசப் பொருள் கொடுத்திருக்கும். அடைத்த குழாய்க்குள் விரித்து வைத்த கம்பி வலையில் ரத்தம் உறையாமல் காவல் நிற்கும் வேலைக்கு அதை யாரும் அமர்த்தவில்லை. டாக்டர் அதைக் கதவுப் பக்கம் போய் நின்றுகொண்டு சொன்னதே அதனால்தான்.

அப்போதுதான் எனக்கு அந்தக் காத்து ஞாபகம் வந்தது. படியில் பாதி ஏறி நின்று அவள் மார்பைத் தடவிக்கொண்டது, நான் முதுகில் எண்ணெய் தேய்த்தது, அது எல்லாம். மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

"இப்ப எப்படி இருக்கு நெஞ்சு?"

அவள் யோசித்தாள். "இன்னிக்கும் கொஞ்சம் கனமாத்தான் இருக்கு. ராத்திரி ஊறவச்சேனே, அப்புறமும் ஏன்னு தெரியல."

"கெளம்பு."

"சேல மாத்திட்டு..."

"கார்ல ஏறு."

அன்று நான் ஓட்டிய ஓட்டத்தை என் மாணவர்கள் யாராவது ஓட்டியிருந்தால் அந்த இடத்திலேயே இறக்கி வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். கூரையில் எல் போர்டு இருந்ததை எடுக்க மறந்துவிட்டேன். சிவப்பு விளக்கைத் தாண்டியபோது ஒரு லோரி டிரைவர் தலையை வெளியே நீட்டி, முதலில் ஓட்டக் கற்றுக்கொள் என்று மலாயில் கத்தினார். என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு முருகா முருகா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். என் ஓட்டத்துக்கா, நெஞ்சுக்கா என்று கேட்கலாமா என்று தோன்றியது. பயத்தில் எனக்கு இப்படித்தான், வாய்க்குள் கிண்டல் ஊறும். அன்று கேட்கவில்லை. முருகா என்று சொல்வதை அவள் நிறுத்திவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டே ஓட்டினேன்.

ஆஸ்பத்திரியில் மார்பில் வயர்களை ஒட்டிப் பார்த்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், எதையோ நாக்கில் வைத்தார்கள், எதையோ கையில் ஏற்றினார்கள். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள். நான் போனைப் பார்த்தேன். மகளிடமிருந்து கிளம்பிவிட்டதாகச் செய்தி வந்திருந்தது. முனை வீட்டு அக்காவுக்கு அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மனைவியின் போனில் மகளிர் குழுவிலிருந்து கும்பிடும் கைகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன, கடைசியாக அத்திப்பழம் இதயத்தை எப்படிக் காக்கிறது என்று ஒரு வீடியோ. அதை அழித்தேன். என் வாழ்க்கையில் நான் யோசிக்காமல் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான்.

மறுநாள் காலை வார்டில் எங்களைப் பார்க்க வந்த டாக்டர் தலையில் தூடோங் முக்காடு போட்டிருந்த இளம்பெண். தமிழ் முஸ்லிம், பேச்சிலேயே தெரிந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். டாக்டர்கள் உட்கார்ந்தால் கவனமாகக் கேட்க வேண்டும் என்று நான் அதற்குள் கற்றுக்கொண்டிருந்தேன்.

"இதயத்துல லேசா அடி பட்டிருக்கு, ஆன்டி. ரத்தத்துல தெரியுது. அந்த வலையில அடைப்பு ஆரம்பிக்கப் பாத்திருக்கு. பெருசா ஆகறதுக்குள்ள வந்துட்டீங்க. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தா நாம இப்படி பேசிக்கிட்டு இருக்க மாட்டோம்." கோபமில்லாமல்தான் சொன்னார். "மருந்து ஏன் ஆன்டி நிறுத்துனீங்க?"

"மறந்துட்டேன்," என்றாள் ஆசிரியை.

"மறக்கல, டாக்டர்," என்று நான் புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன். விரதம், கேப்சூல், வீடியோ, ஒரே டப்பா, தொட்டி. சொல்லச் சொல்ல எனக்கே பேச்சு சூடு பிடித்தது, கைகள் ஆட ஆரம்பித்தன, செடிக்கு மஞ்சள் நோய் வந்த இடத்தில் ஒரு இடைவெளி விட்டேன். பக்கத்துக் கட்டில் அம்மா சிரித்துவிட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

"எந்தக் கேப்சூல்? ஊதாவும் வெள்ளையுமா இருக்குமே, அதுவா?" என்று அவளிடம் கேட்டார். அவள் தலையாட்டினாள்.

"அது ஹார்ட்டுக்கே இல்ல, ஆன்டி. வயிறு எரியாம இருக்கறதுக்கு. அதுல மாட்டு ஜெலட்டின் இருக்கலாம், நீங்க சொன்னது தப்பில்ல. ஆனா மத்ததெல்லாம் மாத்திரை, அதுல இந்த ஜெலட்டின் இல்ல. இந்தக் கேப்சூலுக்கும் பதிலா மாத்திரையாவே இருக்கு. கேட்டிருந்தா மாத்திக் கொடுத்திருப்பாங்களே."

"கேட்டா மாத்துவாங்களா?" என்று என் மனைவி மெதுவாகக் கேட்டாள்.

"தினமும் மாத்தறோம். எங்காளுங்க ஹலாலான்னு கேப்பாங்க, மலாய்க்காரங்க கேப்பாங்க, சைவம் சாப்புடறவங்க கேப்பாங்க. நானே எங்க அம்மாவுக்கு மருந்து வாங்கப் போனா கேப்பேன். இந்த ஊர்ல மருந்து கவுன்டர்ல ஒக்காந்திருக்கறவங்களுக்கு இது ஒரு கேள்வியே இல்ல." டாக்டர் அவள் கையைத் தொட்டார். "நட்ஸ் சாப்புடுங்க, நல்லதுதான். மாத்திரைக்குக் கூட வச்சுக்குங்க, மாத்திரைக்குப் பதிலா இல்ல. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் புரியல. நீங்க படிச்சவங்க, டீச்சரு. கவுன்டர்ல ஒரு வார்த்த ஏன் கேக்கல?"

அவள் போர்வை ஓரத்தை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

"கேக்கணும்னு போனேன், டாக்டர். டோக்கன் எண்ணக் கூப்பிட்டதும் இவரும் கூட வந்து நின்னாரு. இவருதான் எப்பவும் பேசுவாரு. இவர வச்சுக்கிட்டு எப்படிக் கேக்கறது? அந்தப் பொண்ணுகிட்டயே சொல்லிச் சிரிப்பாரு. அப்புறம் கார்ல, கடையில, எல்லார்கிட்டயும் சொல்லுவாரு." அவள் என்னைப் பார்க்காமல் டாக்டரிடமே சொன்னாள். "மாத்திரைய விட்டா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும். தெரியாம இல்ல. இவர் சிரிக்கறதத்தான் தாங்க முடியல."

பக்கத்துக் கட்டில் அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

அப்போதுதான் என் மனைவி என் பக்கம் திரும்பினாள். அவள் பார்த்தது என் கண்ணை இல்லை, என் வாயை. நான் வாயைத் திறந்தேன், கேப்சூலுக்குப் பதிலாக இருக்கும் அந்த மாத்திரையின் பெயரை எழுதித் தரும்படி டாக்டரிடம் கேட்பதற்காக. அதற்குள் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டுவிட்டாள்.